உயிரணு பிரியும் திசையைத் தீர்மானிப்பது எது?

மனிதனின் இரத்தமும் தோலும் குடலின் உட்சுவரும் ஓயாமல் தேய்ந்து ஓயாமல் புதுப்பிக்கப்படுகின்றன. இந்தப் பணியைச் செய்பவை ஸ்டெம் செல் எனப்படும் மூல உயிரணுக்கள். ஒரு மூல உயிரணு இரண்டாகப் பிரியும்போது ஒன்று மூல உயிரணுவாகவே நிலைக்க வேண்டும். மற்றொன்று இரத்தமாகவோ தோலாகவோ மாறிச் செல்ல வேண்டும். இரண்டுமே மாறிப் போய்விட்டால் விதைநெல்லை உண்டுவிட்ட உழவனின் கதைதான், உறுப்பு நலிந்துவிடும். இரண்டுமே நின்றுவிட்டால் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் பெருகக்கூடும்.

இந்தச் சமநிலையைக் காப்பது எது? விடைக்கான தேடல் 19-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது.

உயிரணு தன் நீளவாக்கில்தான் இழைகளை அமைத்துப் பிரிகிறது என்ற விதியை 1884-இல் ஜெர்மானிய அறிஞர் ஆஸ்கர் ஹெர்ட்விக் வகுத்தார். அந்த இழைகளின் இரு முனைகளிலும் உள்ள நுண்ணுறுப்புக்கு 1888-இல் தியோடர் போவேரி 'சென்ட்ரோசோம்' எனப் பெயரிட்டார். 1961-இல் கனடாவின் டொராண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும் எலிகளின் எலும்பு மஜ்ஜையில் இரத்த மூல உயிரணுக்கள் இருப்பதை நிரூபித்தனர். பக்கத்து அணுக்கள் அமைத்துத் தரும் தனி இடத்தில் இருக்கும்வரைதான் அவை மூல உயிரணுக்களாக நீடிக்கும் என்று 1978-இல் ஸ்கோஃபீல்ட் கூறினார். அப்படியானால், பிரியும் திசைதானே யார் தங்குவது, யார் வெளியேறுவது என்பதை முடிவு செய்யும்?

2003-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் யுகிகோ யாமாஷிதா, மார்கரெட் ஃபுல்லர் குழுவினர் இதை ஆண் பழ ஈயின் விந்தகத்தில் கண்டறிந்தனர். அங்கே ஒரு சிறு அணுக்கூட்டத்தைச் சுற்றி, அச்சைச் சுற்றிய ஆரக்கால்களைப் போல் மூல உயிரணுக்கள் ஒட்டியிருக்கின்றன. பிரியும் முன்பே ஒரு சென்ட்ரோசோம் அச்சை ஒட்டி நிற்கிறது. மற்றொன்று எதிர்ப்புறம் நகர்கிறது. எனவே உள்ளே இருப்பது மூல உயிரணுவாகத் தங்குகிறது. வெளியே தள்ளப்பட்டது விந்தணுவாகும் பாதையில் செல்கிறது.

ஏபிசி வகைப் புரதங்கள் பழுதானபோது இந்த ஒழுங்கு குலைந்தது. மூல உயிரணுக்களின் எண்ணிக்கை கூடியது. மனிதரின் பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் பழுதுபட்டிருப்பதும் ஏபிசி மரபணுதான். ஆனால் அதற்கு வேறு பணிகளும் உண்டு என்பதால், திசை மாறியதே புற்றுநோய்க்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

அச்சை ஒட்டி நிற்பது வழக்கமாக மூத்த சென்ட்ரோசோமே என்பது 2007-இல் தெரியவந்தது. இது எல்லா உயிரணுக்களுக்கும் பொருந்தாது; பழ ஈயின் நரம்பு மூல உயிரணுக்கள் இளைய சென்ட்ரோசோமையே வைத்துக்கொள்கின்றன.

2008-இல் வெளியான ஆய்வு முதுமையைப் பற்றியது. வயதான ஈக்களில் சென்ட்ரோசோம் இடம் மாறிய மூல உயிரணுக்கள் மிகுதியாக இருந்தன. அவை திசை சரியாகும்வரை பிரியாமல் தயங்கி நின்றன. விந்தணு உற்பத்தி குறைய அதுவும் ஒரு காரணமாயிற்று. தவறான திசையில் பிரிவதைவிடப் பிரியாமல் காத்திருப்பதே மேல் என்று உயிரணு நடந்துகொள்கிறது. உடல் அதற்குக் கொடுக்கும் விலைதான் தளர்ச்சி.