விரல் முட்டியில் விழுந்த அடி



இன்று ஓர் ஆசிரியையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் குளோரியா அன்சால்துவா. 1942-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையோரம் பிறந்தவர்.

முதலில் கொஞ்சம் வரலாறு. அமெரிக்கா, மெக்சிகோ போர் 1848-இல் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையோடு முடிந்தது. டெக்சாஸையும் சேர்த்தால் மெக்சிகோ ஏறக்குறைய பாதி நிலத்தை இழந்தது. அங்கே குடியிருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், நாடுதான் மாறிவிட்டது.

குளோரியா பள்ளி இடைவேளையில் ஸ்பானிய மொழியில் பேசியதற்காக, விரல் முட்டியில் அளவுகோலால் அடி வாங்கினார். பிறகு அவரே ஆசிரியையானார். தம் மக்கள் எழுதிய கதைகளையும் சேர்த்துச் சொல்லித்தரப் பார்த்தார். தலைமையாசிரியர் கூடாதென்றார். வெளியே சொல்லக்கூடாது என்று மாணவர்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு நடத்தினாராம்!

1960-களில் இம்மக்கள், தங்களை இழிவாக அழைத்த 'சிக்கானோ' என்ற பெயரையே பெருமையாக ஏற்று உரிமை கேட்டார்கள். ஆனால் இயக்கத்திலும் பெண்களுக்குப் பெரும்பாலும் சமையலும் தட்டச்சும்தான். பெண்ணுரிமை பேசினால், அது வெள்ளையினப் பெண்களின் பேச்சு என்றார்கள். அந்த வெள்ளையினப் பெண்களோ இவர்களுடைய நிறத்தையும் வறுமையையும் கண்டுகொள்ளவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று எழுதியவர்களே சிக்கானா பெண் எழுத்தாளர்கள். 1981-இல் செர்ரி மொராகாவும் குளோரியாவும் சேர்ந்து, இப்படிப்பட்ட பெண்களின் எழுத்தைத் தொகுத்தார்கள். 1987-இல் குளோரியாவின் 'பார்டர்லேண்ட்ஸ்' வந்தது. ஆங்கிலமும் ஸ்பானியமும் கலந்தே எழுதினார். அந்தக் கலப்பைக் குறையாக நினைக்காமல், அதுவே தம் மொழி என்றார்.

இதை ஏன் எழுதுகிறேன்? ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், "கொச்சையாகப் பேசாதே" என்று உங்களில் பலரை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். ஒரு மாணவி அதன்பிறகு என் வகுப்பில் கையே தூக்கவில்லை. தேர்வில் எழுத நல்ல தமிழ் வேண்டும்; அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அன்று அவள் பேசியது அவள் அம்மாவின் பேச்சு. அதைப் பிழை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் அளவுகோலை எடுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் இதைப் படித்தால், என்னை மன்னித்துவிடம்மா.

மற்றவர்கள் உங்கள் வீட்டுப் பேச்சிலேயே கீழே இரண்டு வரி எழுதுங்கள். இந்த முறை திருத்த மாட்டேன்.