கதிரவனைப் பாடியவரும் ஊர்ச் சண்டையும்

12ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடு இத்தாலியின் அசிசி நகரம் இரண்டுபட்டுக் கிடந்தது. 1198இல் வணிகர்களும் கைவினைஞர்களும் திரண்டு, மலைமேல் இருந்த பேரரசின் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். பிரபுக்களின் மாளிகைகளும் தப்பவில்லை. ஊரைவிட்டு ஓடிய பிரபுக்கள் பக்கத்து நகரமான பெருஜியாவில் தஞ்சம் புக, இரு நகரங்களுக்கும் போர் மூண்டது. 1202இல் அசிசிப் படை தோற்றபோது சிறைப்பட்டு, ஏறக்குறைய ஓராண்டு பெருஜியாவில் அடைபட்டுக் கிடந்தவர்களில் ஒருவர், துணி வணிகர் ஒருவரின் மகனான பிரான்சிஸ். பறவைகளுக்குப் போதித்தவர் என்று உலகம் பின்னாளில் அறிந்த அசிசி பிரான்சிஸ் இவரே.

தோளில் குருவியோடு நிற்கும் சிலைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, இவர் போரும் சிறையும் கண்டவர் என்பது நினைவுக்கு வருவதில்லை. இயற்கை மீது அவர் கொண்ட அன்பு வேறு, சமாதானப் பணி வேறு என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். படைத்தவர் ஒருவரே என்றால் படைக்கப்பட்டவை எல்லாம் உடன்பிறப்புகள். உடன்பிறப்பில் பகைவன் என்று ஒரு வகை கிடையாது.

அவரது மனமாற்றம் தொடங்கியது காட்டிலோ தோட்டத்திலோ அல்ல, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட தொழுநோயாளர்களிடம். முன்பு பார்க்கவே கசந்தவர்களிடையே பணிசெய்தபோது அந்தக் கசப்பே இனிப்பாக மாறியதாகத் தம் கடைசி நாட்களில் எழுதிய சாசனத்தில் அவர் குறிப்பிடுகிறார். 1209இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் அவரது சிறு குழுவின் வாழ்க்கைமுறைக்கு வாய்மொழியாக ஒப்புதல் தந்தார். எதையும் சொத்தாக வைத்துக்கொள்ளாமல் இப்படி வாழ்வது கடினம் என்றாராம் அசிசியின் ஆயர். சொத்து இருந்தால் அதைக் காக்க ஆயுதமும் வேண்டியிருக்கும் என்பது பிரான்சிஸின் பதில். சொத்துக்காகவே வெட்டிக்கொண்ட ஊரில் பிறந்தவரின் பதில் அது.

1219இல் ஐந்தாம் சிலுவைப் போரின் நடுவே அவர் எகிப்தின் டாமியெட்டாவுக்குப் போனார். ஆயுதமின்றி, ஒரு துணையோடு எதிரணிக்குள் நடந்துபோய் சுல்தான் அல்காமிலைச் சந்தித்தார். சுல்தான் மதம் மாறவில்லை; ஆனால் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினார். அங்கிருந்து திரும்பியபின் 1221இல் எழுதிய சபை விதிகளில், இஸ்லாமியரிடையே வாழும் தம் சபைச் சகோதரர்கள் வாதமோ சச்சரவோ செய்யாமல் எல்லாருக்கும் பணிந்து நடக்கவேண்டும் என்று சேர்த்தார். சிலுவைப் போர்க் காலத்தில் இப்படி ஒரு விதியை எழுதத் தனித் துணிச்சல் வேண்டும்.

இயற்கையிடம் அவர் காட்டிய பரிவிலும் நடைமுறை அறிவு உண்டு. விறகு வெட்டும் சகோதரர்கள் மரத்தை அடியோடு வெட்டாமல், மீண்டும் துளிர்க்க இடம் விடவேண்டும். காய்கறித் தோட்டத்தில் ஒரு பகுதியைக் காட்டுப் பூக்களுக்கு விட்டுவைக்க வேண்டும். 1223இல் கிரேச்சோ ஊரில் வைக்கோல் நிரப்பிய தீவனத்தொட்டி, உயிருள்ள மாடு, கழுதை ஆகியவற்றோடு அவர் கிறிஸ்துமஸ் கொண்டாடினார். இன்று தமிழ்நாட்டு வீடுகளிலும் வைக்கும் குடிலுக்கு மூலமாகச் சொல்லப்படுவது அந்த இரவுதான். கிறிஸ்து பிறந்த நாளில் வானம்பாடிகளுக்காக வழியெங்கும் தானியம் தூவவும், மாட்டுக்கும் கழுதைக்கும் வயிறாரத் தீனி போடவும், ஏழைகளுக்குச் செல்வர்கள் உணவளிக்கவும் பேரரசர் சட்டம் போடவேண்டும் என்பது அவர் ஆசை.

கூபியோ ஊரின் ஓநாய்க் கதை அவர் இறந்து நூறாண்டுக்கும் பிறகு எழுதப்பட்டது, வரலாறாகக் கொள்வதற்கில்லை. ஆனாலும் அந்தக் கதை கவனிக்கத்தக்கது. ஓநாய் ஊரைத் தாக்கியது பசியால் என்று கண்டு, ஊர் அதற்குச் சோறு போடவேண்டும், அது யாரையும் தொடக்கூடாது என்று உடன்படிக்கை செய்துவைக்கிறார் பிரான்சிஸ். ஓநாய் முன்காலைத் தூக்கி அவர் கையில் வைத்து வாக்குக் கொடுக்கிறது. அக்கால இத்தாலிய நகரங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட சமாதான ஒப்பந்தங்களின் சாயல் இதில் அப்படியே தெரிகிறது.

1225இல், கண்பார்வை ஏறக்குறைய போய்விட்ட நிலையில், அசிசியை அடுத்த சான் தமியானோவில் படுத்திருந்தபோது அவர் 'கதிரவன் கவிதை'யை இயற்றினார். லத்தீனில் அல்ல, ஊர்ப் பேச்சுமொழியில். கதிரவன், நெருப்பு, காற்று சகோதரர்களாகவும், நிலவு, நீர் சகோதரிகளாகவும், பூமி தாயாகவும் அதில் வருகின்றன. முதலில் மனிதர்களுக்கு அதில் இடமில்லை. அதே சமயம் அசிசியின் ஆயர், நகரத் தலைவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். பதிலுக்கு நகரத் தலைவர், ஆயரோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக்கூடாது என்று பறைசாற்றினார். இதைக் கேட்ட பிரான்சிஸ், மன்னிப்பவர்களைப் பற்றிய ஒரு பத்தியைக் கவிதையில் சேர்த்தார். இருவரையும் ஆயரின் முற்றத்துக்கு வரச்செய்து, இரண்டு சகோதரர்களை அனுப்பி அதைப் பாடச் சொன்னார். நகரத் தலைவர் அழுதபடி ஆயரின் காலடியில் விழுந்தார். தாம் இயல்பாகவே முன்கோபி என்று ஒப்புக்கொண்ட ஆயர் அவரைத் தூக்கி அணைத்துக்கொண்டார்.

பிரான்சிஸ் 1226 அக்டோபர் 3 மாலை இறந்தார். இரண்டே ஆண்டுகளில் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1979இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். 1986 அக்டோபர் 27 அன்று பல சமயத் தலைவர்களை அசிசிக்கு அழைத்தபோது, அந்த ஒரு நாளாவது ஆயுதங்களைக் கீழே வைக்கும்படி உலகெங்கும் போரிடும் தரப்புகளையும் அவர் கேட்டுக்கொண்டார். சில தரப்புகள் இணங்கின.