சிமுரெங்கா இசை

ஜிம்பாப்வே விடுதலைப் போரின்போது, 1970களில் உருவான வெகுசன இசை. ஷோனா மொழியில் சிமுரெங்கா என்பது போராட்டத்தைக் குறிக்கும். முதன்மைக் கலைஞர் தாமஸ் மாப்ஃபுமோ (பிறப்பு 1945).

முன்னோர் ஆவிகளை அழைக்கும் சடங்குகளில் ஒலிக்கும் இம்பிராவே இதன் வேர். மரப்பலகையில் வரிசையாகப் பொருத்திய இரும்புப் பட்டைகளைக் கட்டைவிரல்களாலும் ஆள்காட்டி விரலாலும் மீட்டும் கருவி அது. அந்த ஒலியை மின்கிட்டாருக்குக் கொண்டுவந்ததே இவ்விசையின் ஆகப் பெரிய சாதனை. ஜோனா சிதோலே போன்ற கிட்டார் கலைஞர்கள் உள்ளங்கையால் தந்திகளை லேசாக அழுத்தி, நாதம் நீளாதபடி சுரங்களைக் கத்தரித்து வாசித்தனர். மிஷனரிகள் பழித்து ஒதுக்கிய சடங்கிசை, நகரத்து மதுக்கூடங்களில் இளைஞர்களை ஆடவைத்தது.

பழமொழிகளுக்குள் போர்ச்செய்தியைப் பொதிந்த இப்பாடல்களுக்கு வெள்ளையர் அரசின் வானொலி தடை விதித்தது. மொசாம்பிக்கிலிருந்து போராளிகளின் வானொலி அவற்றை ஒலிபரப்பியது. மாப்ஃபுமோ விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டார்.

1980இல் நாடு விடுதலை பெற்றது. ஆனால் மாப்ஃபுமோ அரசவைப் பாடகராகிவிடவில்லை. 1989இல் வெளிவந்த ‘கரப்ஷன்’ இசைத்தொகுப்பில் புதிய ஆட்சியாளர்களின் ஊழலையும் அதே துணிவோடு சாடினார். பின்னர் அமெரிக்காவின் ஓரிகனில் குடியேறிய அவர், ஜிம்பாப்வே அதிபர் முகாபே பதவியிழந்த பிறகு, 2018இல் தலைநகர் ஹராரேயில் மீண்டும் பாடினார்.