முதலாளிகளை ஓடவிட்ட மல்டூன்

பர்சனல் ட்ரெயினர் என்றதும் ஏ.சி. ஜிம், டிரெட்மில், கழுத்தில் ஒரு டவல்... ஏதோ நேற்று வந்த தொழில் மாதிரி தோன்றும். ஆனால் நூறு வருடங்களுக்கு முன்பே அமெரிக்காவில் ஒருவர் இந்தத் தொழிலில் கொடிகட்டிப் பறந்திருக்கிறார். அவர் பெயர் வில்லியம் மல்டூன்.

முதலில் நியூயார்க்கில் போலீஸ்காரர். பிறகு மல்யுத்த வீரர். 1880களில் கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தில் சாம்பியன். ஆனால் அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது இன்னொருவருடைய உடம்பு!

அந்த இன்னொருவர் ஜான் எல். சல்லிவன். 1882லிருந்து ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன். ரிங்கில் அவரை வீழ்த்த ஆள் இல்லை, குடிதான் வீழ்த்திக்கொண்டிருந்தது. 1889ல் ஜேக் கில்ரெயினோடு மோத நாள் குறித்தபோது சல்லிவன் உடம்பு பெருத்துக் கிடந்தார். பொறுப்பு மல்டூனிடம் வந்தது.

காமர்ஸ் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பயிற்சிச் செலவு முழுவதும் மல்டூனுடையது. சல்லிவன் தோற்றால் மல்டூனுக்கு ஒரு பைசா கிடையாது. இன்றைக்கு எந்த ஜிம்மாவது இப்படி ஒப்பந்தம் போடுமா?

நியூயார்க் மாநிலத்தில் பெல்ஃபாஸ்ட் என்ற சிற்றூரில் இருந்த தன் பண்ணைக்கு சல்லிவனைக் கூட்டிப்போனார். ஏர் உழு, மரம் வெட்டு, பால் கற, ஓடு, கயிறு தாண்டு, என்னோடு மல்லுக்கு வா. இவ்வளவுதான் பாடத்திட்டம். கூடவே, குடிக்காமல் இருக்கிறாரா என்று இரவும் பகலும் காவல். நெல்லி பிளை என்ற புகழ்பெற்ற பெண் பத்திரிகையாளர் அங்கேயே போய்ப் பேட்டி எடுத்து எழுதினார்.

1889 ஜூலை 8. மிசிசிப்பி மாநிலம் ரிச்பர்க். கொளுத்தும் வெயில், கையுறை இல்லாத சண்டை. 75 ரவுண்டு, 2 மணி 16 நிமிடம். கடைசியில் நின்றவர் சல்லிவன்.

இதற்குப் பிறகு மல்டூன் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். 1900ல் நியூயார்க் அருகே பர்ச்சேஸ் என்ற ஊரில் ஓர் உடல்நல நிலையம் திறந்தார். வந்தவர்கள் வீரர்கள் அல்ல. கம்பெனி முதலாளிகள், வக்கீல்கள், அரசியல்வாதிகள். 1907ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் எலிஹு ரூட்டே வந்து தங்கினார். விடியற்காலை எழ வேண்டும், கனமான பந்தை எறிந்து பிடிக்க வேண்டும், குளிப்பதற்குக்கூட நேரக் கணக்கு. ஆயிரம் பேருக்கு உத்தரவு போட்டவர்கள், தங்களுக்கு உத்தரவு போட ஒருவருக்குக் காசு கொடுத்தார்கள்!

என் பார்வையில் மல்டூன் விற்ற சரக்கு உடற்பயிற்சி அல்ல. ஓடவும் மரம் வெட்டவும் யாருக்கும் தெரியும். "முடியாது" என்று சொல்ல வழியில்லாத ஒரு சூழ்நிலையைத்தான் அவர் விற்றார்.

ஆனால் அந்தச் சரக்கை வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா?

சல்லிவனால் முடியவில்லை. மீண்டும் பழைய வாழ்க்கை. 1892ல் ஜிம் கார்பெட்டிடம் 21வது ரவுண்டில் சாய்ந்து பட்டத்தை இழந்தார்.

எழுத்தாளர் தியோடர் டிரைசர் கதை வேறு. முதல் நாவல் விலைபோகாமல் மனம் உடைந்து கிடந்தவரை 1903ல் அவர் அண்ணன் மல்டூனிடம் சேர்த்துவிட்டார். சில வாரங்களில் வெளியே வந்த டிரைசர் நேராக ரயில்வேயில் உடலுழைப்பு வேலைக்குப் போய்த் தேறினார். பின்னாளில் மல்டூனை வேறு பெயரில் வைத்து ஒரு சித்திரமும் எழுதினார். அதில் மரியாதையும் உண்டு, கடுப்பும் உண்டு :-)

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அதே சல்லிவன் 1905ல் குடியை விட்டார். அப்போது பக்கத்தில் காவலுக்கு மல்டூன் இல்லை. அதன்பின் ஊர் ஊராகப் போய்க் குடிக்கு எதிராகப் பேசினார்.

ட்ரெயினர் 75 ரவுண்டு நிற்க வைக்கலாம். 76வது ரவுண்டு நம்முடையது.