கந்தக பூமிக்கு எந்த டயர்? 'ஆல் சீசன்' என்ற சொல்லின் கதை

போன வாரம் ஒரு நேயர் நமக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தார். சொந்த ஊர் விருதுநகர் மாவட்டம் ஆனைக்குட்டம், வேலை பெங்களூருவில். செகண்ட் ஹேண்டில் ஒரு ஆல் வீல் டிரைவ் கார் வாங்கியிருக்கார். மிதிச்சா பாயுற ஸ்போர்ட்டி வண்டி. ஆனா நாலு டயரும் தேஞ்சு போச்சு. வெளிநாட்டு வீடியோக்கள் எல்லாம் "ஆல் சீசன் டயர் போடுங்க"ன்னு சொல்லுது. "தீபாவளிக்குக் குடும்பத்தோட ஊருக்குப் போறேன், எதை வாங்கட்டும்?"னு கேட்கிறார்.

நாம வரலாறு பேசுறவங்க, டயர் கடை வச்சிருக்கவங்க இல்ல. ஆனா இந்தக் கேள்விக்குப் பதில் வரலாற்றில்தான் இருக்கு. 'ஆல் சீசன்'னு சொல்றாங்களே, அது யாரோட சீசன்?

முதல் ஆல் சீசன் ரப்பர்

கதை கந்தகத்தில் தொடங்குது. சிவகாசி வட்டாரத்தைக் கந்தக பூமின்னு சொல்வோம். பட்டாசு மருந்தில் வெடியுப்பு, கரி, கந்தகம் மூணும் உண்டு. இதில் கரியும் கந்தகமும் உங்க கார் டயருக்குள்ளேயும் இருக்கு.

மரத்தில் வடிச்ச பச்சை ரப்பருக்கு ஒரு குணம். வெயிலில் பிசுபிசுன்னு ஆயிடும், குளிரில் விறைச்சுப் போகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதில் காலணி, கோட் எல்லாம் செஞ்சு விற்றவங்க இதனாலேயே நஷ்டப்பட்டாங்க. 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது இரண்டையும் தாங்கும் என்று கண்டுபிடித்தார். ரப்பர் எல்லாப் பருவத்துக்கும் உதவும் பொருளானது அன்றைக்குத்தான். அவர் கடனாளியாகவே செத்தார். அவர் பெயரைத் தாங்கிய டயர் கம்பெனி 1898இல் வேறு ஆட்கள் ஆரம்பிச்சது. அவருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

பனி நாட்டின் பிரச்சினை

அடுத்த நிறுத்தம் பின்லாந்து. 1934இல் அங்கே ஒரு ரப்பர் ஆலை, லாரிகளுக்காகப் பனியில் ஓடும் டயரைச் செய்தது. உலகின் முதல் குளிர்கால டயர் அதுதான். ஆலை இருந்த ஊரின் பெயர் நோக்கியா. ஆமா, நம்ம கையில் இருந்த அந்த போனோட பெயரும் இதே ஊரிலிருந்து வந்ததுதான்.

அதுக்கப்புறம் பனி நாடுகளில் ஒரு பழக்கம் வந்தது. கோடையில் ஒரு செட் டயர், குளிரில் இன்னொரு செட். காரணம் எளிது. வெப்பம் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் இறுகிடும், சாலையைப் பிடிக்காது. குளிர்கால டயரின் ரப்பர் மென்மையானது, அதனால குளிரிலும் பிடிக்கும். ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவை டயர் மாத்துறது பெரிய தொல்லை. 1977இல் குட்இயர் கம்பெனி 'டியெம்போ' என்ற ரேடியல் டயரை அமெரிக்காவில் இறக்கியது. வருஷம் முழுக்க ஒரே செட் போதும் என்பதுதான் விளம்பரம். 'ஆல் சீசன்' என்ற பெயர் அங்கே பரவியது இப்படித்தான்.

மூணு வருஷம் கழிச்சு, 1980இல், ஜெனீவா கண்காட்சியில் ஆடி குவாட்ரோ வந்தது. நாலு சக்கரமும் இழுக்கும் ஸ்போர்ட்ஸ் கார். பனியும் சேறும் நிறைந்த ராலிப் பந்தயங்களில் அது ஜெயிக்க ஆரம்பிச்சதும், ஆல் வீல் டிரைவ் ஒரு கௌரவச் சின்னம் ஆகிடுச்சு. ரெண்டுமே பனி பெய்யும் நாடுகளின் தேவையிலிருந்து வந்த விஷயங்கள்.

திருவொற்றியூர் கற்ற பாடம்

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1946இல் சென்னை திருவொற்றியூரில் கே.எம். மாமன் மாப்பிள்ளை ஒரு சின்ன இடத்தில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952இல் தேஞ்ச டயர் மேல் ஒட்டும் ட்ரெட் ரப்பருக்கு மாறினார். பிறகு அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் கம்பெனியோடு சேர்ந்து டயர் ஆலை. 1961இல் முதல் எம்.ஆர்.எஃப். டயர் வெளியே வந்தது.

ஆனா அந்த அமெரிக்கத் தொழில்நுட்பம் நம்ம வெயிலுக்கும் சாலைக்கும் அப்படியே பொருந்தல. அதனால 1963இல் திருவொற்றியூரிலேயே சொந்த ரப்பர் ஆராய்ச்சி மையத்துக்கு வேலை தொடங்கியது. அடிக்கல் நாட்டியவர் பிரதமர் நேரு. 1967இல் அந்த கம்பெனி அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி செய்தது. பாடம் ஒண்ணுதான்: எந்த மண்ணில் ஓடப் போகுதோ, அந்த மண்ணைப் பார்த்து டயர் செய்யணும்.

அப்போ ஆனைக்குட்டத்துக்கு?

தமிழ் மரபில் பருவம் ஆறு. ஆனா ஆனைக்குட்டம் சாலைக்கு ரெண்டே ரெண்டுதான்: வெயில், மழை. மார்கழி விடியலில்கூட அங்கே 7 டிகிரியை நினைச்சுப் பார்க்க முடியாது. அதனால வெளிநாட்டுக்காரங்க 'சம்மர் டயர்'னு சொல்றதுதான் நமக்கு ஆல் சீசன். நம்ம கடைகளில் கிடைக்கும் கார் டயர்களில் பெரும்பாலானவை அந்த வகைதான். பனிக்காக மென்மையாக்கி, நிறைய கீறல் போட்ட டயர் நம்ம வெயிலில் நெளியும், சீக்கிரம் தேயும். குளிர்காலத்தில் இமாசல், லடாக் போறவங்களுக்குக் கணக்கு வேற.

நீங்க பார்க்க வேண்டியது மழையை. தீபாவளி வர்றதே வடகிழக்குப் பருவமழை நேரத்தில்தான். ஓசூர், சேலம், கரூர், மதுரைன்னு நாலு வழிச் சாலையில் வேகமா வந்து, விருதுநகரில் இறங்கிக் கரிசல் காட்டுக்குள் திரும்புவீங்க. அங்கே டிராக்டர் இழுத்துட்டு வந்த ஈரக் கரிசல் தார் மேல் பசை மாதிரி கிடக்கும். எதிரே பஸ், ஓரத்தில் பட்டாசு ஆலை வேலை முடிஞ்சு நடந்து வர்ற பெண்கள்.

அந்த நொடியில் ஆல் வீல் டிரைவ் உங்களைக் காப்பாத்தாது. அது வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கு. நிறுத்துறது சாலையைத் தொடும் உள்ளங்கை அளவு ரப்பர். வண்டி வழுக்காமல் கிளம்புறதால சாலை நல்லா இருக்குன்னு நம்பி வேகமா போயிடுறோம். ஆபத்து அங்கேதான்.

கடையில் இதைக் கேளுங்க. ஈரப் பிடிப்பு எப்படி? ஐரோப்பிய லேபிள் இருந்தால் மழை மேகப் படத்துக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தைப் பாருங்க, 'ஏ' உச்சம். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பழைய சரக்கு வேண்டாம், கடையில் சும்மா கிடந்தாலும் ரப்பர் இறுகும். அளவும் வேகக் குறியீடும் காரின் கையேட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

ஆல் வீல் டிரைவ் என்பதால் இன்னொண்ணு. நாலும் ஒரே மாடலா, ஒரே அளவு தேய்மானத்தோட இருக்கணும். ரெண்டு புதுசு, ரெண்டு பழசுன்னு போட்டால் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுத்தும், நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் சூடாகிக் கெடும். சட்டப்படி காருக்குக் குறைந்தபட்சப் பள்ளம் 1.6 மில்லிமீட்டர். மழைக்கு அது பத்தாது, 3 மில்லிமீட்டர் வரும்போதே மாத்திடுங்க. காத்து, வண்டி ஓடிச் சூடாகிறதுக்கு முன்னாடி பிடிங்க.

குட்இயருக்கும் திருவொற்றியூருக்கும் இருந்த கேள்விதான் நம்ம நேயருக்கும்: என் ஊர் வெயிலும் மழையும் என்ன கேட்குது? வெளிநாட்டு வீடியோ அதுக்குப் பதில் சொல்லாது. ஊருக்கு நிதானமா போயிட்டு வாங்க. பட்டாசு எப்படியும் அங்கேதான் மலிவு, அவசரமே இல்ல.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.