வைனிலும் ஆத்தங்குடியும்: எண்ணெய் செய்யும் வேலை

ஆலையில் சுருளாக வரும் வைனில் விரிப்பையும், கண்ணாடிமேல் சிமெண்டு வார்த்துக் கையால் செய்யும் ஆத்தங்குடி டைல்ஸையும் ஒரே தராசில் வைப்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் கறை என்று வந்துவிட்டால் இரண்டின் குணத்தையும் தீர்மானிப்பது எண்ணெய்தான். வைனில் வளைந்துகொடுப்பதற்காகப் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்ப்பசையுள்ள திரவத்தை ஆலையிலேயே அதில் கலந்துவிடுகிறார்கள். ஆத்தங்குடித் தரைக்கு வீட்டார் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்துத் துடைத்து ஆண்டுக்கணக்கில் ஊட்டுகிறார்கள்.

ஊட்டிய எண்ணெய் சிமெண்டின் நுண்துளைகளை அடைக்கிறது. சிந்திய காபி மேலேயே நிற்கிறது, துடைத்தால் போய்விடுகிறது. பிறவியிலேயே கலந்த எண்ணெயோ, எண்ணெயில் கரையும் நிறங்களை வைனிலுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஒன்றுக்குக் காவலாக இருப்பது மற்றொன்றுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

அப்படி நுழைவதில் மோசமானது ரப்பர். ரப்பர் கெடாதிருக்கச் சேர்க்கும் ரசாயனங்கள் மெல்லக் கசிந்து வைனிலில் இறங்கி மஞ்சளாக, பழுப்பாக மாறுகின்றன. சில மாதம் கழித்துக் கால்மிதியைத் தூக்கினால் அதே நீள அகலத்தில் ஒரு கட்டம். நாற்காலியை நகர்த்தினால் அதன் காலில் மாட்டிய ரப்பர் புஷ் இருந்த இடத்தில் வட்டம். கறை மேலே படிந்ததன்று, உள்ளேயே ஊறியது. எந்தச் சோப்பும் அதை எட்டாது. ஆத்தங்குடித் தரையில் இந்த ரசாயனக் கூத்து கிடையாது. அங்கே ரப்பர் விரிப்பு ஈரத்தை அடைத்துவைக்கும், அவ்வளவே.

மஞ்சள்தூள் இரண்டையும் சோதிக்கும். சாம்பார் சிந்திய இடத்தைத் துணிச்சோப்பால் தேய்த்தால் மஞ்சள் சிவப்பாகிவிடும். கறை பெருகிவிட்டதோ என்று பதற வேண்டாம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமமாகிற அதே காரவினைதான் இது. எலுமிச்சைச் சாறு பட்டால் பழைய மஞ்சளுக்குத் திரும்பும். வைனிலில் இதைத் தாராளமாகச் செய்யலாம். ஆத்தங்குடித் தரையில் செய்தால், அமிலம் சிமெண்டை அரித்து, கறையைவிடப் பெரிய வெளிறிய தழும்பை விட்டுவிடும்.

அடியிலிருந்து வரும் ஈரத்துக்கு இரண்டும் ஒன்றுபோல அஞ்சுகின்றன. தரை காயாமல் ஒட்டிய வைனிலின் அடியில் பூஞ்சை பிடித்து மேலே இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரியும். ஆத்தங்குடியில் உப்பு பூக்கும். மேலே எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை, ஈரத்தின் வழியை அடைக்க வேண்டும். வெயில் விஷயத்தில் மட்டும் ஆத்தங்குடிக்கே வெற்றி: அதன் இரும்பு ஆக்சைடு நிறங்கள் மங்குவதில்லை, வைனில் வெயிலில் நிறம் மாறும், சன்னலுக்குத் திரை அவசியம்.

என் கணக்கில், பழகப் பழக மெருகேறும் தரை ஆத்தங்குடி. முதல் நாளிலிருந்தே முன்னெச்சரிக்கை கேட்கும் தரை வைனில். வைனில் போட்டவர்கள் கடையில் கால்மிதியின் பூவேலையைப் பார்ப்பதோடு நிற்காமல் திருப்பியும் பாருங்கள். அடிப்பக்கம் ரப்பராக இருந்தால் வைத்துவிட்டு, பருத்தி மிதியை எடுத்துக்கொள்ளுங்கள்.