அடுத்தவர் கல்யாணத்துக்கு ஓட்டு

2017 செப்டம்பரில் நானும் என் மனைவியும் ஆஸ்திரேலியாவில் இருந்தோம். பேத்தி பிறந்திருந்த நேரம். மகன் குடியிருந்தது சிட்னிக்கு மேற்கே பராமட்டாவில். அந்தப் பக்கம் நம்மவர்கள் அதிகம். பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் என்று எங்கே போனாலும் ஒரு தமிழ்க் கடை இருக்கும், முருங்கைக்காய் இருக்கும். காட்டூரை விட்டு வந்த ஏக்கம் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரு நாள் தபால் பெட்டியில் மகன் பெயருக்கும் மருமகள் பெயருக்கும் ஆளுக்கொரு அரசாங்க உறை வந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு கேள்வி. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் திருமணம் செய்துகொள்ளச் சட்டத்தை மாற்றலாமா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஒன்றில் குறி போட்டு, கூடவே வந்த உறையில் வைத்துத் தபாலில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

"நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்று மகன் கேட்டான்.

"இல்லைன்னு போட்டுட்டுப் போ. இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்றேன். யோசிக்காமல் சொன்ன பதில். அவன் ஒன்றும் பேசவில்லை. உறை குளிர்சாதனப் பெட்டியின் மேல் இரண்டு வாரம் கிடந்தது.

எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம், என் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த ஒரு பழைய வக்கீல் நோட்டீஸ்.

என் அப்பா அம்மா கல்யாணம் 1951ல் உறையூரில், மாமா வீட்டு வாசலில் போட்ட பந்தலில் நடந்தது. ஐயர் இல்லை, ஓமம் இல்லை, தாலியும் இல்லை. கறுப்புச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் தலைமை தாங்கினார். இருவரும் உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொண்டார்கள். திருச்சிப் பக்கம் அப்போது இது அதிசயம் இல்லை. 1928ல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்தி வைத்த நாளிலிருந்து இப்படி ஆயிரக்கணக்கான கல்யாணங்கள் தமிழ்நாட்டில் நடந்திருந்தன.

ஊர் ஏற்றுக்கொண்டது. சட்டம் ஏற்றுக்கொள்ளவில்லை. 1953ல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், இப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சாஸ்திரம் சொன்ன சடங்கும் இதில் இல்லை, நெடுங்காலமாக வரும் வழக்கம் என்றும் இதைச் சொல்ல முடியாது என்பதுதான் காரணம். 1955ல் வந்த இந்துத் திருமணச் சட்டமும் வழக்கமான சடங்குகளைத்தான் கேட்டது.

இதெல்லாம் அப்பா இருந்தவரை எங்கள் வீட்டு வாசற்படி ஏறவில்லை. 1965ல் அவர் போய்விட்டார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. லால்குடி பக்கம் பாட்டனார் வழியில் இரண்டு ஏக்கர் நஞ்சை இருந்தது. அடுத்த வருடம் சித்தப்பாவிடமிருந்து நோட்டீஸ் வந்தது. 'என் அண்ணனுக்கும் உமக்கும் சட்டப்படி திருமணமே நடக்கவில்லை. ஆகவே உம் மகனுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு கிடையாது' என்பது சாரம். சித்தப்பா கெட்டவர் இல்லை. ஐந்து பெண்களைப் பெற்றவர். யாரோ சொல்லிக் கொடுத்தார்கள், சட்டமும் அவர் பக்கம் இருந்தது.

அம்மா அந்தக் காகிதத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நான் படித்து முடித்ததும், "அப்போ பதினாலு வருஷம் நான் யாரு?" என்று கேட்டார். நிலம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1967 மார்ச்சில் அண்ணா முதலமைச்சரானார். அந்த ஆண்டே சட்டமன்றத்தில் இந்துத் திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 7 ஏ என்ற பிரிவு. உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும்; அல்லது மாலை மாற்றினால் போதும்; அல்லது மோதிரம் போட்டால் போதும்; அல்லது தாலி கட்டினால் போதும். அதைவிடப் பெரிய விஷயம், அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும், நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று அந்தப் பிரிவு சொன்னது. அம்மாவுக்கு 1951லிருந்தே கல்யாணம் ஆகியிருந்தது என்று 1968ல் சட்டம் ஒப்புக்கொண்டது. பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு ஏக்கர் எங்களுக்கு வந்தது. நோட்டீஸை மட்டும் அம்மா கிழித்துப் போடவில்லை. குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்திருந்தார்.

பராமட்டாவில் தூக்கம் வராமல் கிடந்த அந்த ராத்திரி எனக்குள் எழுந்த கேள்வி இதுதான். அண்ணா சட்டம் கொண்டுவராமல், வீட்டுக்கு வீடு ஒரு உறை அனுப்பி, 'ஐயர் இல்லாத கல்யாணம் செல்லுமா, செல்லாதா?' என்று மாநிலம் முழுக்கக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்கள் தெருவிலேயே எத்தனை பேர் 'செல்லும்' என்று போட்டிருப்பார்கள்? பக்கத்து வீட்டு மாமி எங்களுக்குக் குழம்பு கொடுப்பார், அன்பாக இருப்பார். ஓட்டு என்று வந்தால் 'செல்லாது' என்றுதான் போட்டிருப்பார். நான் மகனுக்குச் சொன்ன மாதிரி, யோசிக்காமல்.

நம் நாட்டில் பொது வாக்கெடுப்பு என்பதே அபூர்வம். அரசியல் சட்டத்தில் அதற்கென்று ஒரு ஏற்பாடு கிடையாது. நடந்தவை சில. 1948ல் ஜுனாகத். 1967 ஜனவரி 16ல் கோவா, மகாராஷ்டிரத்தோடு சேரலாமா தனியாக இருக்கலாமா என்று கேட்டார்கள். சேருவதற்குப் பூ சின்னம், தனியாக இருப்பதற்கு இரண்டு இலை. இலைதான் ஜெயித்தது! 1975ல் சிக்கிம். பக்கத்துப் புதுச்சேரியில் 1954 அக்டோபரில் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். எல்லாமே மண் யாரோடு சேருவது என்ற கேள்வி. மனிதர் யாரோடு சேருவது என்று இங்கே யாரும் ஓட்டுப் பெட்டி வைத்ததில்லை.

அமெரிக்காவில் வைத்தார்கள். 1998ல் ஹவாயிலும் அலாஸ்காவிலும் தொடங்கி 2012 வரை சுமார் 30 மாநிலங்களில் தன்பாலினத் திருமணத்துக்கு எதிராக மக்கள் வாக்களித்தார்கள். 2004 நவம்பரில் ஒரே நாளில் 11 மாநிலங்கள். பல இடங்களில் திருமணம் என்ற பெயர் இல்லாத பதிவு உறவுக்கும் சேர்த்தே தடை போட்டார்கள். 2012 மே மாதம் வட கரோலினாவில் அப்படித்தான். கலிபோர்னியா கதை எனக்கு எங்கள் வீட்டுக் கதையை நினைவுபடுத்துகிறது. 2008 மே மாதம் அங்குள்ள உச்ச நீதிமன்றம் திருமணத்தை அனுமதித்தது. சுமார் 18,000 ஜோடிகள் செய்துகொண்டார்கள். நவம்பர் 4 அன்று, ஒபாமா ஜெயித்த அதே நாளில், 52 சதவீதம் பேர் 'கூடாது' என்று வாக்களித்தார்கள். அந்த 18,000 ஜோடிகளும் நாம் தம்பதியா இல்லையா என்று தெரியாமல் மாதக்கணக்கில் இருந்தார்கள். 2009 மே மாதம்தான், தடை செல்லும், ஆனால் ஏற்கனவே நடந்த கல்யாணங்களும் செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. 2015ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அனுமதித்தது. 2024ல் அதே கலிபோர்னிய மக்கள் வாக்களித்துத் தங்கள் பழைய தடை வாசகத்தை நீக்கினார்கள்.

இன்னொன்று சொல்கிறேன். வெள்ளையரும் கறுப்பரும் மணப்பதைத் தடுத்த மாநிலச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1967 ஜூனில். நம் சட்டமன்றத்தில் திருத்தம் வந்த அதே ஆண்டு. செத்துப்போன அந்தத் தடை அலபாமா மாநில அரசியல் சட்டத்தில் எழுத்தாக மட்டும் கிடந்தது. அதை எடுத்துவிடலாமா என்று 2000ல் மக்களைக் கேட்டார்கள். எடுத்துவிட்டார்கள். ஆனால் அப்போதும் 40 சதவீதம் பேர் இருக்கட்டும் என்றார்கள். முப்பத்து மூன்று வருடம் கழித்து!

மறுபக்கமும் உண்டு. அயர்லாந்தில் 2015 மே 22 அன்று 62 சதவீத மக்கள் தன்பாலினத் திருமணத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். மக்களே ஒப்புக்கொண்ட பிறகு, நீதிபதிகள் திணித்தது என்று அங்கே யாரும் சொல்ல முடியாது. அது ஒரு பலம்தான், மறுக்கவில்லை. ருமேனியாவில் 2018ல் தடைக்காக இரண்டு நாள் வாக்கெடுப்பு வைத்தார்கள். 30 சதவீதம் பேராவது வர வேண்டும். வந்தது 21 சதவீதம். அடுத்தவர் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் போலும்.

ஆஸ்திரேலிய முடிவு 2017 நவம்பர் 15 அன்று வந்தது. அங்கே வழக்கமான தேர்தலில் ஓட்டுப் போடுவது கட்டாயம். இது கட்டாயமில்லை. இருந்தும் 79.5 சதவீதம் பேர் பதில் அனுப்பியிருந்தார்கள். நாடு முழுவதும் 'ஆம்' 61.6 சதவீதம். 150 தொகுதிகளில் 133ல் 'ஆம்'. 'இல்லை' சொன்ன 17ல் 12 மேற்கு சிட்னியில். நாங்கள் இருந்த பராமட்டா தொகுதியில் 'இல்லை' 61.6 சதவீதம்! நாட்டு எண்ணும் தொகுதி எண்ணும் தலைகீழாக, புள்ளி பிசகாமல் அதே எண். தமிழர், சீனர், அரபியர் என்று பல நாட்டார் கலந்து வாழும் இடம். அவரவர் ஊரை விட்டுவந்து சிறுபான்மையாக வாழ்கிறவர்கள். நம் கல்யாண முறையை, நம் கோயிலை ஓட்டுக்கு விட்டால் என்ன ஆகும் என்று அவர்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்தார்களோ. நானே முதலில் நினைக்கவில்லையே. டிசம்பரில் அங்கே சட்டம் நிறைவேறியது.

நம் ஊருக்கு வருவோம். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இந்த உறவு குற்றமில்லை என்றது. 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகள், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை இல்லை, சட்டம் செய்வது நாடாளுமன்றத்தின் வேலை என்றார்கள். திருமணம் இல்லாத பதிவு உறவையாவது ஏற்கலாம் என்றவர்கள் இரண்டே பேர். மற்ற மூவர் அதற்கும் உடன்படவில்லை. பந்து இப்போது நாடாளுமன்றத்தில்.

நம் சென்னை உயர் நீதிமன்றம் கொஞ்சம் முன்னால் நடந்திருக்கிறது. 2021ல் மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இது சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு உத்தரவு எழுதினார். 2025 மே மாதம் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்று சொல்லி, பெற்றவர்கள் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணை அவள் விருப்பப்படி போக விட்டது.

நண்பர்களே, எனக்கு வயது எழுபத்திரண்டு. இரண்டு ஆண்கள் மணமேடையில் நிற்பதைப் பார்த்தால் இன்றும் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் சங்கடம் வேறு, அவர்கள் வாழ்க்கை வேறு. சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தால் எதிர்த்துப் பேசலாம், திருத்தலாம், ஒரு 'அல்லது' சேர்க்கலாம். யாருடைய வாழ்க்கையோ அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கலாம். அந்த உறையில் இரண்டு கட்டம்தான். யாரையும் பார்க்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல் குறி போட்டுவிடலாம். அந்த நீதிபதி செய்ததுபோல, தெரியாது என்று சொல்லி உட்கார்ந்து கேட்க அதில் இடமில்லை.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது மகனிடம் நோட்டீஸ் கதையைச் சொன்னேன். அதுவரை சொன்னதில்லை. "அப்பாயி இதையெல்லாம் சொன்னதே இல்லையேப்பா" என்றான். அன்று சாயங்காலம் உறை குளிர்சாதனப் பெட்டியின் மேல் இல்லை. எந்தக் கட்டத்தில் குறி போட்டான் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஓட்டு ரகசியம் அல்லவா?

அந்த நோட்டீஸ் இப்போது என் பீரோவில் இருக்கிறது. உங்கள் வீட்டில் 1967க்கு முந்தைய சுயமரியாதைத் திருமண அழைப்பிதழ் ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுங்கள். அச்சடித்த அந்த நாளில் அது சட்டப்படி செல்லாத கல்யாணம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.